லாரியில ஏத்துனது நான்தான்

நூலகத்துலேர்ந்து தமிழ்ப் புத்தகத்த லாரியில ஏத்துற அந்த வீடியோவ இன்னிக்குக் காலையில வரைக்கும் எனக்கு ஒன்பது பேர் அனுப்பிட்டாங்க. ஒன்பதாவது ஆள் என் சொந்தச் சித்தி மகன். "அக்கா பாத்தியா, தமிழ்ப் புத்தகத்த எப்படித் தூக்கிப் போடுறானுங்க"ன்னு கீழ அழுவுற பொம்மை வேற. பாத்தேன் தம்பி. சூராட் காபார் லாமா லாரி, அதான் பழைய பேப்பர் வாங்குற லாரி, ராஃபியா கயித்துல கட்டுன பதினாலு கட்டு, ஓரத்துல தூடோங், தலைத்துணி, போட்ட ஒரு மலாய்க்கார அம்மா நின்னு எண்ணிக்கிட்டு இருக்காங்க. வீடியோ எடுத்தவரு கைய கொஞ்சம் இடது பக்கம் திருப்பியிருந்தா நீலச் சட்டையில ஒருத்தி குனிஞ்சு கட்டு போட்டுக்கிட்டு இருந்திருப்பா. அது நான்.

நான்தான் பொறுக்குனேன், நான்தான் கட்டுனேன், மைக்குல கத்திக்கிட்டுப் போன லாரிய ஓடிப்போய் நிறுத்துனதும் நான்தான். அதனால 'இனவெறி', 'தமிழ் அழிப்பு', 'ஒய்பி (நம்ம தொகுதி உறுப்பினர்) எங்க போனாரு'ன்னு எழுதுனவங்க எல்லாம் தயவு செஞ்சு முகவரிய மாத்திக்கிங்க. அந்த அம்மாவுக்குப் போற திட்டு எனக்கு வர வேண்டியது.

இப்ப ஒரு சங்கம் நூலகத்துக்குக் குடுத்த அந்தப் பதினாறு பெட்டியில என்ன இருந்துச்சுன்னு சொல்றேன், கேளுங்க. ஆறாம் வகுப்பு யூபிஎஸ்ஆர் பரீட்சைக்கான பயிற்சி நூல், அறுபது எழுவது இருக்கும், எல்லாத்துலயும் பென்சில்ல விடை எழுதியாச்சு. யூபிஎஸ்ஆர் பரீட்சைய 2021-லயே எடுத்துட்டாங்க, தெரியும்ல? 2004-ம் வருஷத்துப் பஞ்சாங்கம். கோயில் கும்பாபிஷேக மலர், அதுல முதல் இருபது பக்கம் தலைவர், உதவித் தலைவர், செயலாளர், பொருளாளர் வாழ்த்துரை. கம்ப்யூட்டர் கத்துக்க ஒரு புத்தகம், அதுல ஃப்ளாப்பி டிஸ்க் எப்படிப் போடுறதுன்னு படம். அப்புறம் ஒரே கவிதைத் தொகுப்பு முப்பத்தெட்டு பிரதி, ரப்பர் பேண்டு கூடக் கழட்டல. யாரோ ஒரு கவிஞரு வீட்டுல கட்டிலுக்கு அடியில இருந்தது அப்படியே நூலகத்துக்கு வந்திருக்கு. மிச்சம் இருந்ததுல பாதி கறையான், பாதி பூஞ்சை.

இத குடுத்தவங்க பேனர் வச்சாங்க. பேனர்ல எட்டு முகம். புத்தகத்த விட பேனர் புதுசு.

பூஞ்சைய பத்தி ஒரு வார்த்தை. நம்ம ஊரு ஈரத்துக்கு, பூஞ்சை புடிச்ச ஒரு பெட்டிய நல்ல அலமாரி பக்கத்துல ரெண்டு மாசம் வச்சீங்கன்னா அலமாரியும் போச்சு. நூலகத்துல படிச்ச யாரையும் கேட்டுப் பாருங்க, களை எடுக்குறதுன்னு ஒரு வேலையே இருக்கு. தப்பான தகவல் சொல்றது, கிழிஞ்சது, புதுப் பதிப்பு வந்து காலாவதியானது, இந்த ஊருல யாருக்கும் உதவாதது, இதெல்லாம் எடுக்கணும், எடுக்கலன்னா நல்ல புத்தகம் கண்ணுல படாது. அரசாங்கம் வாங்கிக் குடுத்த புத்தகத்த நம்ம இஷ்டத்துக்குத் தூக்கிப் போடவும் முடியாது, அதுக்கு ஃபாரம், கமிட்டி எல்லாம் இருக்கு. இது பதிவு நம்பரே ஏறாத பெட்டி. ஒன்னு பதிவு பண்ணணும் இல்லன்னா அனுப்பணும். அனுப்புனோம். லாரிக்காரரு பதினோரு வெள்ளி நாப்பது காசு குடுத்தாரு, அதுல பூச்சி மருந்து வாங்குனோம். கணக்கு வேணுமா? ரசீது இருக்கு.

நான் சொல்ல வர்றது ஒன்னே ஒன்னுதான். எங்களுக்குப் புத்தகம் வேணாம். ஆள் வேணும்.

பினாங்குல நிபோங் திபால் பக்கத்துல இருக்குற சின்ன கிராம நூலகம் அது, பேரு எழுத மாட்டேன், அவங்க பட்டது போதும். ஒரு ஹால், ஒரு சின்ன ரூம், நாலு கம்ப்யூட்டர், அதுல ரெண்டு ஓடும். வேலைக்கு ஒரே ஒருத்தங்க. வீடியோவுல நீங்க காறித் துப்புன அந்த அம்மாதான். நாங்க காக்னு கூப்பிடுவோம், மலாய்ல அக்கா. அவங்களுக்கு உடம்பு சரியில்லன்னா கதவு பூட்டு, கோர்ஸுக்குக் கூப்பிட்டா கதவு பூட்டு. சுத்தி இருக்குற ஜனம் செம்பனைத் தோட்டத்துலயும் ஃபேக்டரியிலயும் வேல முடிஞ்சு வீட்டுக்கு வர்ற நேரத்துக்கு நூலகமும் வீட்டுக்குப் போயிரும். நான் பினாங்குத் தீவு பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரியில இருக்கேன், வாரத்துல அஞ்சு நாளு ரெண்டாவது பாலத்துல போயிட்டு வர்றவ, சனிக்கிழமை மதியம் ரெண்டு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் இங்க உக்காருவேன், நாலு வருஷமா. தியாகம்னு சொல்ல வரல. ஏர்கான் நல்லா இருக்கும்.

முதல் நாள் போனப்ப தமிழ் அலமாரியப் பாத்து எனக்குச் சிரிப்பு தாங்கல. எல்லாப் புத்தகத்து முதுகுலயும் ஒரே நம்பர், 894.811. நூலகத்துல ஒவ்வொரு வகைக்கும் ஒரு நம்பர், அது தமிழ் இலக்கியத்துக்குப் போடுற நம்பர். நாவல் 894.811, சரி. ரசம் வைக்கிற புத்தகமும் 894.811, சக்கரை வியாதி மருந்தும் 894.811, மாடித் தோட்டமும் அதேதான். அஞ்சாறு புத்தகம் தலைகீழா வேற நின்னுச்சு. காக்குக்குத் தமிழ் எழுத்துல ஒன்னு தெரியாது, பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க, யாரையாவது கேக்கலாம்னா கேக்க யாரும் உள்ள வரல. அவங்க என்கிட்ட முதல்ல கேட்ட கேள்வியே "இது எந்தப் பக்கம் மேல?"ங்கறதுதான். அந்தக் கேள்விய கேட்ட ஆள இனவெறின்னு எழுதுறீங்க. எனக்கு வயிறு எரியுது.

கம்ப்யூட்டர்ல தேடுறது இன்னொரு கூத்து. தலைப்ப ரோமன் எழுத்துல ஏத்தி வச்சிருக்காங்க. ஒரு 'ழ'வ ஒருத்தரு ஒரு மாதிரி எழுதுவாரு, அடுத்தவரு வேற மாதிரி, மனுசனுக்கு அது ஒரே சொல்லு, கம்ப்யூட்டருக்கு மூணு சொல்லு. இருக்குற புத்தகமே 'இல்ல'ன்னு வரும். நானும் ஒரு டீச்சரும் சேந்து ரெண்டு வருஷமா ஒவ்வொரு தலைப்பா பாத்து சரி பண்ணிக்கிட்டு இருக்கோம், முந்நூத்து சொச்சம் முடிஞ்சிருக்கு. இந்த வேலைக்கு யாரும் பேனர் அடிக்க மாட்டாங்க. பேனர்ல என்னன்னு போடுவாங்க, 'ழகரம் திருத்தும் விழா'ன்னா?

"நீ யாரு முடிவு பண்ண, எது குப்பை எது பொக்கிஷம்னு?" இது நேத்து ஒருத்தரு கேட்டது. நியாயமான கேள்வி, ஒத்துக்கிறேன். அதனாலதான் ஒவ்வொன்னா புரட்டிப் பாத்தேன், மூணு சனிக்கிழமை. ஒரு பெட்டிக்கு அடியில ஒரு பழைய தோட்டத்துப் பள்ளி விளையாட்டுப் போட்டி மலர் இருந்துச்சு, அந்தத் தோட்டம் இப்ப வீடமைப்புப் பகுதி, பள்ளியும் எடம் மாறிருச்சு. அத எடுத்து வச்சிருக்கேன், சேகரிக்கிற ஒரு நண்பருக்குப் போகும். பதினாறு பெட்டியில ஒரு மலர். அந்த ஒன்னுக்காக முப்பத்தெட்டு கவிதைத் தொகுப்பையும் வச்சிக்கணும்னு சொன்னீங்கன்னா, அண்ணே, உங்க வீட்டு ஹால்ல எடம் இருக்கா?

"இப்ப யாரு படிக்கிறா, எல்லாம் போன்லதான்." இதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. இத எழுதுனவரு புரோஃபைல்ல பேசுற வீடியோ மட்டுமே முந்நூறு இருக்கு.

"அரசாங்கம் செய்யணும், நீங்க ஏன் அவங்க வேலையச் செய்றீங்க?" செய்யணும்தான். இன்னொரு ஆள் போடணும், தமிழ் தெரிஞ்ச ஆள மாசத்துக்கு ரெண்டு நாளாவது சுத்தி அனுப்பணும், சாயங்காலம் திறக்கணும். நானும் எழுதிப் போட்டிருக்கேன். ஆனா ஒன்னு கேளுங்க, தமிழ் அலமாரிய பெருசாக்குங்கன்னு மேல கேக்கப் போனா அவங்க என்ன கேப்பாங்க? இரவல் கணக்கு. போன வருஷம் எத்தன தமிழ்ப் புத்தகம் வெளிய போச்சு? அந்தத் தாள நான் பாத்திருக்கேன். அதுல பாதி என் பேரு. மீதி ரெண்டு பிள்ளைங்க. இந்த வீடியோவ பகிர்ந்தவங்க ஆயிரத்துக்கு மேல இருக்காங்க, அதுல பத்துப் பேரு அவங்கவங்க ஊரு நூலகத்துல உறுப்பினரா இருந்தா நான் மொட்டை போட்டுக்கிறேன், தண்ணீர்மலை முருகன் கோயில்லயே.

பினாங்குல நூலகம்னு ஒன்னு 1817-லயே வந்துருச்சு. அப்ப அது நமக்காக இல்ல, வெள்ளைக்காரனுக்கு, சந்தா கட்டுறவனுக்கு. இப்ப ஓசியில திறந்து வச்சிருக்கான், நாம போக மாட்டோம். 2020-ல கோலாலம்பூர் உலகப் புத்தகத் தலைநகரம்னு யுனெஸ்கோ பட்டம் வேற குடுத்துச்சு. அந்த வருஷம் மார்ச்சுலயே எம்சிஓ, கோவிட் ஊரடங்கு, நாம வீட்டுக்குள்ள. சரி, அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டப் பாருங்கன்னு ஒருத்தரு நீளமா எழுதியிருந்தாரு. பாக்கலாம். அங்க 1948-லயே பொது நூலகச் சட்டம் வந்துருச்சு, வீட்டு வரியோட நூலக வரி சேந்தே வரும், அதுலேர்ந்துதான் ஊருக்கு ஊரு நூலகம். அதுக்குப் பாடுபட்டவரு சீர்காழியில பொறந்த ரங்கநாதன், கணக்கு வாத்தியாரா இருந்து நூலகரா ஆனவரு. 1931-ல அவரு எழுதுன அஞ்சு விதியில ஒன்னு, படிக்க வர்றவன் நேரத்த மிச்சப்படுத்துன்னு சொல்லுது. அதே 1931-ல மன்னார்குடி பக்கத்துல மாட்டு வண்டியில புத்தகம் ஏத்தி கிராமம் கிராமமா கொண்டு போயிருக்காங்க. மாட்டு வண்டி. அதுக்கு மாடு ஓட்டுற ஆள் வேணும்ல? எடுத்துக் குடுத்து எழுதி வாங்குற ஆள் வேணும்ல? அங்கயும் ஆள்தான். நான் என்ன சொன்னேன் முதல்லேர்ந்து?

எனக்கு ஏன் இவ்வளவு கோவம் வருதுன்னா, ஒரு பழைய கதை இருக்கு. நான் பொறந்தது தோட்டத்துல, அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்துல பால் வெட்டுனவங்க. எங்க பள்ளியில ஒரு கண்ணாடி அலமாரி, உள்ள புத்தகம், வெளிய பூட்டு. சாவி ஒரு வாத்தியாருகிட்ட. கேட்டா "கை அழுக்கு, புத்தகம் வீணாப் போயிரும்"பாரு. ஆறு வருஷம் அந்தப் பள்ளியில படிச்சேன், அந்த அலமாரி ஒரு நாளும் எங்களுக்குத் திறக்கல. கண்ணாடி வழியா முதுக மட்டும் படிப்பேன். வரிசையா அத்தன தலைப்பும் எனக்கு மனப்பாடம், இப்பக் கூடச் சொல்லுவேன். உள்ள என்ன இருக்குன்னு தெரியாததால நானே ஒவ்வொன்னுக்கும் ஒரு கதை வச்சிருந்தேன். அப்புறம் தோட்டத்துல பாலு நிறுத்தி செம்பனை போட்டாங்க, நாங்க டவுனுக்கு வந்துட்டோம், பள்ளி எடம் மாறுனப்ப அந்த அலமாரியத் திறந்து பாத்திருக்காங்க. உள்ள பூரா கறையான். வெளிப்பக்கம் முதுகு மட்டும் நல்லா நின்னுருக்கு. அம்மாதான் சொன்னாங்க, எடம் மாத்த ஒத்தாசைக்குப் போயிருந்தாங்க. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல.

அதனால "புத்தகத்துக்கு மரியாதை இல்ல"ன்னு எனக்குப் பாடம் எடுக்காதீங்க. புத்தகத்துக்கு எவ்வளவு மரியாதை குடுக்கலாம்னு எனக்கு நல்லாத் தெரியும்.

இந்த நாலு வருஷத்துல சனிக்கிழமை வந்து நிக்கிறது யாருன்னு கேட்டா, பெரும்பாலும் நீலாம்னு பள்ளிக்கூடத்து வாசிப்புத் திட்டம், அதோட பதிவேட்ட நிரப்ப வர்ற பிள்ளைங்க. பின்னட்டையில இருக்குற நாலு வரிய அப்படியே காப்பியடிச்சிட்டு ஓடிருவானுங்க, அந்தப் பதிவு இப்ப ஆன்லைன்ல வேற. நான் ஒன்னும் சொல்றதில்ல. காப்பியடிக்க வந்தவன்ல ஒருத்தன் எப்பவாவது உக்காந்துருவான். அஞ்சாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி அப்படித்தான் மாட்டுனா, ஒரு பேய் பங்களா கதை, ரெண்டு பாகம், முதல் பாகத்த அங்கயே உக்காந்து முடிச்சிட்டா, வீட்டுக்குப் போக மாட்டேன்னு நின்னு அவ தாத்தா மோட்டார்ல வந்து ஆரன் அடிச்சாரு. அவளுக்கு அன்னிக்குப் புத்தகம் எடுத்துக் குடுத்தது காக், தலைகீழா இல்லாம நேரா. இப்ப அவங்க நிறத்தப் பாத்தே எந்த அலமாரின்னு சொல்லிருவாங்க, நான் கலர் ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்தேன்.

வீடியோ வந்த மறுநாள் காக்குக்கு வாட்ஸ்அப்ல மன்னிப்புக் கேட்டேன். ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு, பதில் இல்ல. சாயங்காலமாத்தான் "தாக் அப்பா"ன்னு ஒரு வரி. பரவால்லையாம். அந்தப் பரவால்லைய என்னால தாங்க முடியல. நம்ம ஆளுங்கதான் அவங்க பேர, படத்த, வீட்டு ரோட்ட எல்லாம் கமெண்ட்ல போட்டாங்க, அவங்க மகனுக்கு ஸ்கூல்ல யாரோ காட்டியிருக்காங்க. பெட்டி குடுத்த சங்கத்துல ஒரு அண்ணன், எனக்கு நல்லாப் பழக்கம், நாலு பேரு முன்னால "தமிழச்சியா நீ"ன்னு கேட்டாரு. ஆமாண்ணே, தமிழச்சிதான். சனிக்கிழமை வந்து பாருங்க. அன்னிக்கு மட்டும் உங்களுக்குக் காரியம் இருக்கும்.

இத எழுதும்போதே தெரியுது, கீழ முதல் கமெண்டே "எங்க வீட்டுலயும் நாலு பெட்டி இருக்கு, எங்க கொண்டு வரணும்?"னு வரும். கொண்டு வராதீங்க. மறுபடியும் சொல்றேன், ரெண்டு மணி நேரம் கொண்டு வாங்க. தமிழ் படிக்கத் தெரிஞ்சா போதும், மை கார்டு, அதான் அடையாள அட்டை, இருந்தா உறுப்பினர் ஆயிரலாம், ஒரு புத்தகம் எடுத்துட்டுப் போய் படிக்கக் கூட வேணாம், திருப்பிக் குடுத்தா கணக்குல ஒன்னு ஏறும்.

ஒரே ஒரு விலக்கு. அந்தப் பேய் பங்களா ரெண்டாம் பாகம் எங்ககிட்ட இல்ல. யாரோ எடுத்துட்டுப் போனது திரும்பி வரல. அந்தப் பொண்ணு போன மூணு வாரமா வந்து வந்து கேட்டுட்டுப் போறா, நான் கடையிலயும் தேடிட்டேன். பச்சை அட்டை, மேல ஒரு ஜன்னல், ஜன்னல்ல ஒரு கை. யாரு வீட்டுலயாவது இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கிறேன். அது மட்டும். பெட்டி வேணாம்.