175 புறப்பாடு, 2 சோதனை

2014 மே 31 இரவு, அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் தனியார் ஜெட் ஓடுபாதையில் வேகமெடுத்தது. ஆனால் மேலே எழும்பவே இல்லை. ஓடுபாதையைத் தாண்டி ஓடி, பள்ளத்தில் விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்துபோனார்கள்.

காரணம் கஸ்ட் லாக். நிற்கும் விமானத்தின் வாலிலும் இறக்கையிலும் உள்ள அசையும் பலகைகள் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கப் போடும் பூட்டு அது. இன்ஜினைக் கிளப்பும் முன்பே எடுத்துவிட வேண்டும். மறந்துபோனாலும், புறப்படும் முன் கண்ட்ரோல்களை முழுக்க ஒருமுறை அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சில விநாடி வேலை. அன்று அதைச் செய்யவில்லை. (பூட்டின் வடிவமைப்பிலும் குறை இருந்தது. அது தனிக்கதை.)

விசாரணை அறிக்கையில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் இனிமேல்தான். விமானத்திலிருந்த பதிவுக் கருவியை எடுத்துப் பார்த்தால், அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் அந்தச் சோதனையை முழுசாகச் செய்தது வெறும் 2 முறை!

இத்தனைக்கும் அந்த விமானத்தை இயக்கிய நிறுவனம் ஐஎஸ்-பாவோ என்ற, தனியார் ஜெட் நிறுவனங்களுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தணிக்கையில் இரண்டாம் நிலைச் சான்றிதழ் வாங்கியிருந்தது. விமானிகள் இருவரும் நல்ல அனுபவசாலிகள், சுமார் 12 வருடம் சேர்ந்தே பறந்தவர்கள்.

அப்புறம் ஆடிட்டில் ஏன் தெரியவில்லை? ஆடிட்டர் வரும் தேதி முன்பே தெரியும். அவரைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுப்பதும் அந்த நிறுவனமே. அவர் மேனுவலைப் பார்ப்பார், பயிற்சிச் சான்றுகளைப் பார்ப்பார். எல்லாம் சரியாகவே இருக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் ஆடிட்டுக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து, கையெழுத்து விட்டுப்போன பக்கங்களைத் தேடித் தேடி நிரப்பியிருக்கிறோம். ஃபைல் சுத்தமாக இருந்தது. வேலை எப்படி நடந்தது என்பது அதில் இல்லை.

பெரிய ஏர்லைனில் இன்று ஒருவரோடு, நாளை வேறொருவரோடு பறக்க வேண்டும். புதிதாக வருபவர் "இதைப் பார்க்கவில்லையே" என்று கேட்டுவிடுவார். அதே இரண்டு பேர் வருடக்கணக்கில் பறக்கும் இடத்தில் கேட்க யார் இருக்கிறார்கள்?

இது அந்த இருவரின் பழக்கம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. பிறகு சுமார் 1,44,000 தனியார் ஜெட் பயணங்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, கிட்டத்தட்ட 18 சதவீதத்தில் இந்தச் சோதனை முழுமையாக நடக்கவில்லை.

இன்னொரு சான்றிதழ் வேண்டாம். ஒவ்வொரு பயணத்தின் பதிவையும் மாதாமாதம் வெளி ஆள் ஒருவர் படிக்க வேண்டும். சின்ன நிறுவனங்களுக்குச் செலவு என்றால், பத்து நிறுவனங்கள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளட்டும். பெட்ஃபோர்டில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் முதல் மாதமே ஃபோன் போட்டிருப்பார்.