சூப்போடு இரவு உணவு முடிந்துவிடுமா?
இலையுதிர்காலத்தில் ஒரு கிண்ணம் பரங்கிக்காய் சூப் வைத்தால் குடும்பத்தின் இரவுச் சாப்பாடு முடிந்தது என்று நான் படித்த ஒரு சமையல் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பருவத்தை விடுங்கள், இலையுதிர்காலமே இல்லாத சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்கு எந்த மாதம் போனாலும் பரங்கிக்காய்க் கீற்று கிடைக்கிறது. என் சந்தேகம் அந்த 'முடிந்தது' என்ற சொல்லின் மேல்தான். 100 கிராம் பரங்கிக்காயில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர். புரதமோ ஏறத்தாழ 1 கிராம். ஏழு மணிக்கு அந்தச் சூப்பைக் குடித்த என் மகன் ஒன்பது மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறந்துகொண்டு நின்றான். என் மாமியார் இதே காயைக் காராமணியோடு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டு, கடுகு கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுவார். புரதத்துக்குப் பயறு இருக்கிறது. காய்க்கு மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது என்பதால் தேங்காயும் தாளிப்பும் வெறும் ருசிக்காக மட்டும் அல்ல. (காராமணியை முந்தின இரவே ஊறவைக்க வேண்டும், மறந்துவிட்டால் துவரம்பருப்பு போதும். நான் பெரும்பாலும் மறப்பவள்.) பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் தேங்காய்ப்பாலில் நெத்திலி போட்டு இதையே சமைக்கிறது; கணக்கு ஒன்றுதான், கைப்பக்குவம் வேறு. தோலைச் சீவும்போது கத்தி வழுக்குகிறது என்பவர்களுக்கு: கீற்றுகளை ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து, ஆறியதும் சீவிப் பாருங்கள், தோல் எளிதாக வந்துவிடும்.