கையெழுத்துப் பிரச்சினை என்னாச்சு?

வருஷக்கணக்காக இதைப் புலம்பிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. 2016-ல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தில் சண்டை எதனால் ஆரம்பித்தது? சொகோவியா ஒப்பந்தத்தால். 117 நாடுகள் சேர்ந்து, அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர்ஹீரோ கூட்டம் இனி ஐ.நா. குழு அனுமதித்தால்தான் களத்தில் இறங்கலாம், அதற்குக் கையெழுத்துப் போடுங்கள் என்கின்றன. எவ்வளவு நல்ல கேள்வி! போடலாம் என்று டோனி (அயர்ன் மேன்) சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கூடாது என்று ஸ்டீவ் (கேப்டன் அமெரிக்கா) சொல்வதிலும் இருக்கிறது. ஜெர்மனி விமான நிலையத்தில் இரண்டு அணியாகப் பிரிந்து மோதுகிறார்கள். அதுவரை விசில்தான்.

அப்புறம்? சைபீரியாவில் 1991-ம் வருஷத்து வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டுகிறான் வில்லன் ஸீமோ. டோனியின் அப்பா அம்மாவைக் கொன்றது ஸ்டீவின் நண்பன் பக்கி. அவ்வளவுதான், ஒப்பந்தம் காற்றில் போய், பழிவாங்கும் படலம் தொடங்கிவிட்டது. (டோனியாக நடித்த ராபர்ட் டவுனி அந்த இடத்தில் அழவைத்துவிட்டார், அதை மறுக்கவில்லை.) ஆனால் கையெழுத்து விவகாரம்? ஸ்டீவ் டோனிக்கு ஒரு கடுதாசியும் பழைய போனும் அனுப்பிவைத்தால் ஆச்சா? 2022-ல் அதே கதையுலகில் வந்த 'ஷீ-ஹல்க்' தொடரில் ஒரு வக்கீல், ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள் என்று போகிறபோக்கில் சொல்கிறார். ஆறு வருஷம் காத்திருந்தவனுக்கு ஒரே ஒரு வரி!