பழைய சுப்ரா விலை விழுந்ததா?

2019-ல் டொயோட்டா தன் ஸ்போர்ட்ஸ் காரான சுப்ராவின் புது மாடலை இறக்கியதும் பழைய சுப்ராவின் (1990-களில் வந்த தலைமுறை) மதிப்பு சரிந்துவிட்டது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நடந்தது அப்படியில்லை.

புது வண்டி டெட்ராய்ட் கண்காட்சியில் அறிமுகமானது அந்த ஜனவரியில். அமெரிக்காவில் அப்போது ஆரம்ப விலை 49,990 டாலர். இரண்டே மாதம் கழித்து, மார்ச்சில், அமெரிக்காவின் அமீலியா ஐலண்டில் ஆர்எம் சோத்பீஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1994 மாடல் சுப்ரா ட்வின் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ இரண்டு உள்ளது) ஒன்று 1,73,600 டாலருக்குப் போனது. அந்தப் பணத்தில் அன்று புதுசாக மூன்று வாங்கியிருக்கலாம்! ஒரே ஒரு விற்பனையை வைத்து எல்லாவற்றையும் அளக்க முடியாதுதான். ஆனால் சரிவு என்பதற்கு இது பொருந்தவில்லை.

குழப்பம் எங்கே வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருந்தாலும், அமெரிக்காவில் விற்ற அந்தத் தலைமுறையில் டர்போ இல்லாதது 220 குதிரைத்திறன், ட்வின் டர்போ 320. முன்னதன் விலையைக் காட்டி பின்னதைப் பேசினால் விழுந்த மாதிரிதான் தெரியும்.

நீங்களே பார்க்கலாம். ஆர்எம் சோத்பீஸ் தளத்தில் முடிந்த ஏலங்களின் பக்கம் திறந்தே இருக்கிறது. விளம்பரத்தில் கேட்கும் விலையை விடுங்கள், 'விற்றது' என்று போட்ட தொகையை மட்டும் எடுங்கள். கூடவே இன்ஜின் குறியீட்டைக் கவனியுங்கள்: 2ஜேஇசட்-க்குப் (2JZ) பின்னால் 'ஜிடிஇ' (GTE) என்றால் டர்போ, வெறும் 'ஜிஇ' (GE) என்றால் இல்லை. கியர்பாக்ஸ், ஓடிய மைல் இரண்டும் ஒத்துப்போகிற வண்டிகளை மட்டும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.