கல்லைத் திருப்பிப் பாருங்க

எங்க தோட்டத்து டிவிசனுக்குத் திரும்புற வளைவுல போன வருசம்தான் காபட் (சூடா விரிச்சு உருட்டுற தார்க்கலவை) போட்டாங்க. இந்த ஜூன் மழையிலேயே பள்ளம். த்ரீவீல் ஓட்டுற தம்பி சொல்றான், "மழை அண்ணே, மலைநாட்டுல ரோடு நிக்காது." எல்லாருக்கும் இதே பேச்சுதான். எனக்கு இதுல உடன்பாடு இல்ல. ஒரு ரோட்டு கொந்தராத்துக்காரரோட லேப்ல நாலு வருசம் கல்லு சலிச்சவன் நான், கொஞ்சம் பேச விடுங்க.

பள்ளத்துல இறங்கி ஒரு சல்லிக்கல்ல எடுத்துப் பார்த்தேன். மேல கறுப்பு. திருப்பினா, கழுவி வெச்ச மாதிரி சாம்பல் நிறம். கல்லு உடையல. தாரும் கல்லும் பிரிஞ்சிருக்கு. (தார்ங்கிறோம், சாமான் பிற்றுமின்.)

நம்ம மலையில உடைக்கிற கல்லு பல இடத்துல படிகம் கூடுனது, சிலிக்காக் கல்லு. அதுக்குத் தாரைவிடத் தண்ணிமேலதான் பாசம். சூட்டோட பூசினா தார் ஒட்டும், ஆனா ஈரம் உள்ள போச்சுன்னா கல்லு தாரை விட்டுட்டுத் தண்ணியைப் புடிச்சுக்கும். கிரஷர் தூசி படிஞ்ச கல்லுன்னா இன்னும் மோசம், தார் தூசியோட ஒட்டுது, கல்லோட இல்ல.

இதுக்கு மருந்து பழசு: நீத்துன சுண்ணாம்பு, பாட்டி வெத்தலையில தடவுற அதே சாமான். கல்லு எடைக்கு 1லேர்ந்து 1.5 சதவீதம் போதும். நம்பாதவங்களுக்கு ஒரு சோதனை: தார் பூசின கல்லைக் கொதிக்கிற தண்ணியில 10 நிமிசம் போட்டுட்டு, எவ்வளவு கறுப்பு மிச்சம்னு பாருங்க. ஒருதரம் நான் வீட்டு அடுப்புலயே செஞ்சேன். சுண்ணாம்பு போடாத கல்லு பாதி வெளுத்துப்போச்சு, போட்டது அநேகமா கறுப்பாவே கெடந்துச்சு. சட்டிதான் வீணாப்போச்சு. வீட்டுக்காரி அதை இன்னும் மறக்கல.

ஆனா சுண்ணாம்பு மட்டும் போட்டு என்ன? உருட்டி இறுக்கணுமே. காபட்டுக்குள்ள காத்து இடைவெளி 8 சதவீதத்தைத் தாண்டினா துளையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து தண்ணிக்கு வழி விட்டுரும். அப்புறம் ஒவ்வொரு லொறி டயரும் அந்தத் தண்ணியைப் பம்ப் மாதிரி உள்ள அழுத்தும். பிளான்ட்ல 150 பாகைக்குக் கிட்ட கிளம்புற கலவை, கினிகத்தேனை ஏத்தத்துல ஊர்ந்து, பனிமூட்டத்துல வரிசையில நின்னு, படங்கும் சரியா மூடாம வந்தா என்ன சூடு மிஞ்சும்? ஆறுனதை ரோலர் எத்தனை தடவை உருட்டினாலும் இறுகாது. தூத்தல்ல காபட் விரிச்சதை நானே பார்த்திருக்கேன். "ஐயா, வேணாம்"னு சொன்னேன். "நீ கல்லை மட்டும் சலி"ன்னாங்க.

மழைமேல பழி போடுறவங்க அந்த வளைவையே ஒரு தடவை நடந்து பாருங்க. மலை சரிஞ்சு இறங்குற பக்கத்து ஓரம் நல்லாத்தான் இருக்கு, தண்ணி சரிஞ்சு ஓடிடுது. ரெண்டு பக்கமும் அதே காபட், அதே மழை. பேர்ந்து கெடக்குறது மலைப்பக்கத்து ஓரம் மட்டும். அங்கதான் கான், அதாவது ரோட்டோர வடிகால், அடைஞ்சு, தண்ணி நாள்கணக்கா ரோட்டுக்கடியில ஊறுது.

நேத்து வந்து பள்ளத்துக்கு மட்டும் ஒட்டுப் போட்டுட்டுப் போனாங்க. கான்ல இன்னும் அதே அடைப்பு: தேயிலைச் செடி வெட்டுன கவ்வாத்துக் குச்சி, ரெண்டு பிளாஸ்டிக் போத்தல்.