கழியில் இறங்கிப் பிழைப்பவர்களைக் கேட்டுவிட்டு நடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை வடசென்னை எண்ணூர் உப்பங்கழியில் நடந்த அலையாத்தி (மாங்குரோவ்) கன்று நடும் விழா வீடியோ இதற்குள் எல்லோருக்கும் வந்திருக்கும். ஒரே மாதிரி டிஷர்ட், முழங்கால் வரை பூட்ஸ், தலைக்கு மேலே ட்ரோன். அதெல்லாம் அவரவர் விருப்பம். ஆனால் மைக் பிடித்தவர் கடைசியில் சொன்னாரே, "இங்கே குப்பத்து மக்களுக்கு இந்தக் காட்டின் அருமை தெரியவில்லை, முதலில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கணும்" என்று. அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளிப் பறியோடு (இறால் போட்டு வைக்கும் கூடை) நின்ற பெண்களைக் கவனித்தீர்களா? அந்தச் சேற்றில்தான் அவர்கள் குனிந்து கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். கன்றுகளை வரிசையாக நட்டது அதே சேற்றில். நடுவதற்கு முன்னால் அவர்களில் ஒருத்தரையாவது கேட்டார்களா? கிராம நிர்வாகத்தில் ஒரு வார்த்தை சொன்னார்களா? இல்லை. விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தக் கழியில் இன்னும் கொஞ்சம் அலையாத்தி மிச்சம் இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் கழியில் இறங்கிப் பிழைக்கிற ஜனம். அவர்களைக் கேட்காமல் யாராலும் அதைக் காப்பாற்ற முடியாது.

நடுகிறவர்கள் நல்லெண்ணத்தோடு வருகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அலையாத்தி, பூங்காவில் குழி தோண்டி வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிற மரம் இல்லை. அதற்கு ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கத் தண்ணீர், ஏறி இறங்க வேண்டும். நாள் முழுக்க மூழ்கிக் கிடந்தாலும் செத்துப்போகும், தண்ணீர் வராமல் மண் காய்ந்து உப்பு ஏறினாலும் செத்துப்போகும். தண்ணீர் ஒழுங்காக வந்து போனால், விதைகள் தானே மிதந்து வந்து சரியான மேட்டில் ஒதுங்கி முளைக்கும். அதனால் முதல் வேலை தண்ணீருக்கு வழி விடுவது. அந்த வழி எங்கே இருந்தது, எந்த மணல் கொட்டி அடைபட்டது, எந்தக் குழாய்க்கு அடியில் தூர்ந்துபோனது என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? டிஷர்ட் போட்டவருக்கா, கழிக்கரை மீனவக் குப்பமான காட்டுக்குப்பத்துக்காரருக்கா?

என் மாமா காட்டுக்குப்பம். அம்மாவின் அண்ணன். பள்ளி லீவில் அங்கே போனால் என்னையும் படகில் ஏற்றிக்கொள்வார். ஒருமுறை கரையோரம் சேற்றில் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்ததை விளையாட்டாக உடைத்துக்கொண்டிருந்தேன். "அத்த உடைக்காதம்மா, மரம் அதுலதான் மூச்சு வுடுது" என்றார். பாடப்புத்தகத்தில் நான் சுவாச வேர் படித்தது அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து. எந்த மரத்தடியில் நண்டு வளை இருக்கும், எந்த மாசம் மடவை மீன் குஞ்சு வேருக்குள் ஒதுங்கும், அப்போது அங்கே ஏன் வலை போடக்கூடாது, எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். இவருக்கா அருமை தெரியாது?

அப்புறம் அனல்மின் நிலையச் சாம்பல் வந்தது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துச் செப்பாக்கம் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிற குழாய்கள் வருஷக்கணக்காகக் கழியில் ஒழுகின. மாமா சொன்ன அந்த மூச்சு வேர்கள் மேலேயே சாம்பல் படிந்தது. ஆழமாக இருந்த இடம் இடுப்பளவு ஆனது. இப்போது காக்கா ஆழி வேறு. தென் அமெரிக்கச் சிப்பி அது, கழியின் அடித்தரையைப் பல இடங்களில் பாய் விரித்த மாதிரி மூடிவிட்டது. அங்கெல்லாம் இறாலுக்குச் சேறு இல்லை, தடவுகிற பெண்களுக்குக் கையெல்லாம் கீறல். அதைப் பற்றி முதலில் கத்தியதும் மீனவர்கள்தான். யாரும் வந்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அப்படியானால் மரம் நடுவதே தப்பா?" என்று ஒருத்தர் கேட்பார். தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? கேட்டுவிட்டு நடுங்கள் என்கிறேன்.

"ஊர்க்காரர்களும் குப்பை கொட்டுகிறார்களே?" கொட்டுகிறார்கள்தான். குப்பை வண்டி ஒழுங்காக வராத தெருவில் வேறு என்ன நடக்கும்?

"விறகுக்கு வெட்டியே காட்டை அழித்தது இவர்கள்தானே?" இதற்குத்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. பிச்சாவரத்தையும் முத்துப்பேட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே காடு சீரழிந்ததற்கு முக்கியக் காரணம் வெள்ளைக்காரன் காலத்தில் அரசே தொடங்கி, சுதந்திரத்துக்குப் பின்னும் நடந்த கூப்பு வெட்டு. பத்தி பத்தியாகக் காட்டை மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து பள்ளமானது, ஓதத்தில் வந்த தண்ணீர் வெளியே போக முடியாமல் தேங்கி உப்பேறியது, மரம் முளைக்கவில்லை. பழி மட்டும் விறகு பொறுக்கியவர்கள் மேலேயும் மாடு மேய்த்தவர்கள் மேலேயும் விழுந்தது. பின்னால் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து ஜனங்களைச் சேர்த்துக்கொண்டு, மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டி ஓதத்தண்ணீரை உள்ளே விட்டார்கள். காடு திரும்பியது. எந்த வாய்க்கால் தூர்ந்தது, எப்போது தூர் எடுக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டதில் ஊருக்கும் பங்கு இருந்தது. கேட்டுச் செய்தால் நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே இந்த உதாரணம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிக்குள் எண்ணெய் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வேர், வலை, படகு, சுவர் எல்லாம் கறுப்பு. கூழைக்கடாக்கள் எண்ணெயில் நனைந்து பறக்க முடியாமல் தவித்தன. அன்றைக்குப் பக்கெட்டும் மக்கும் எடுத்துக்கொண்டு வெறுங்கையால் எண்ணெய் அள்ளியவர்கள் யார்? இதே குப்பத்து ஆட்கள்தான். என் மாமா மகனும் போனான். கை தோல் உரிந்து, கண் எரிந்து, தலைவலியோடு வீட்டில் படுத்துக் கிடந்தான். அருமை தெரியாதவன் செய்கிற வேலையா அது? அப்போது இந்த ட்ரோன்கள் எங்கே இருந்தன?

1996-இல் ஒப்புதல் கிடைத்த கடலோர வரைபடத்தில் எண்ணூர் கழி முழுக்கப் பாதுகாக்க வேண்டிய நீர்ப்பகுதி. பின்னால் வந்த வரைபடத்தில் கழியின் பெரும்பகுதியே காணவில்லை. நீர் ஓடுகிற இடம் காகிதத்தில் காய்ந்த நிலமானது. சட்டப்படி ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் அலையாத்தி இருந்தால் சுற்றி 50 மீட்டர் விட வேண்டும். காடு வரைபடத்திலேயே இல்லையென்றால் எங்கிருந்து அளப்பது? இதை வெளியே கொண்டுவரப் போராடியவர்களில் மீனவர்கள் முன்னால் நின்றார்கள். கலெக்டர் அலுவலகத்துக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு அலைந்தவர்கள் அவர்கள். அதற்கு யாரும் ட்ரோன் வீடியோ எடுக்கவில்லை.

சென்னையின் சாம்பல் இங்கே, நிலக்கரி இங்கே, எண்ணெய் இங்கே, குப்பைமேடு கொடுங்கையூரில். தென்சென்னையில் ஏசி ஓடுவதற்கான கரண்டில் ஒரு பங்கு இந்தக் கழிக்கரையிலிருந்து போகிறது. இத்தனையையும் வாங்கிக்கொண்ட ஜனத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பாடம் எடுத்துவிட்டுப் போகிறீர்கள். வலிக்கிறது. மாமாவுக்கு அந்த வீடியோவை நான் காட்டவில்லை. அவர் பிள்ளைகளில் ஒருத்தன் இப்போது கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான், இன்னொருத்தன் கான்ட்ராக்ட் வேலை. கழியை நம்பி இருக்க முடியாமல் போனவர்களிடம் கழியின் அருமையைப் பற்றிப் பேச நாக்கு கூசாதா?

அடுத்த மாதமும் கன்று நடுவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. ஏற்பாடு செய்கிறவர்களில் இதைப் படிக்கிற யாராவது இருந்தால், தேதி குறிப்பதற்கு முன்னால் காட்டுக்குப்பம், சிவன்படைகுப்பம், முகத்துவாரக்குப்பம் நிர்வாகத்தாரை உட்கார வைத்துப் பேசுங்கள். கையால் இறால் பிடிக்கிற பெண்களையும் கூப்பிடுங்கள், வழக்கமாக அவர்களை மட்டும் விட்டுவிடுவார்கள். எந்த வாய்க்கால் அடைபட்டிருக்கிறது, எந்த இடத்தில் நடக்கூடாது என்று அவர்கள் காட்டுவார்கள். வாய்க்கால் வெட்டுகிற கூலி அவர்களுக்கே போகட்டும். ஞாயிற்றுக்கிழமை நட்டதில் இறால் தடவுகிற சேற்றை மறைத்து நிற்கும் கன்றுகளை அவர்கள் சொல்கிற இடத்துக்கு மாற்றி நடுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.