நான்கு சக்கரமும் திரும்ப வேண்டும்

கரடுமுரடான தரையில் ஓடும், சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு நான்கு சக்கர இழுவை, அதாவது இன்ஜின் நான்கு சக்கரத்தையும் சுழற்றும் வசதி, இருந்தால் போதும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். போதாது என்பது என் அனுபவம். மானூர் பக்கம் ஹாலோ பிளாக் போடும் களத்தில் எட்டு வருடம் வண்டி ஓட்டினேன். ஐப்பசி மழையில் கரிசல் மண் டயரில் அப்பிக்கொள்ளும். டயரின் பட்டன் (பிடிப்புக்கான மேடுகள்) இடுக்கெல்லாம் அடைத்து மொழுமொழுவென்று ஆகிவிடும். இழுவை இருந்தும் வழுக்கும். அப்போது கைகொடுப்பது வண்டி திரும்பும் விதம்தான். பின்சக்கரம் மட்டும் திரும்பினால் பின்பக்கம் வீசி கல் அடுக்கில் இடிக்கும். நான்கும் திரும்பினால் சின்ன வட்டத்திலேயே திரும்பிவிடலாம். நண்டு நடை இன்னும் அருமை. நான்கு சக்கரமும் ஒரே பக்கம் திரும்ப, முகம் மாறாமல் வண்டி குறுக்காக நகர்ந்து அடுக்குக்கு நேராக வந்து நிற்கும். சேற்றில் முன்னும் பின்னும் உழப்ப வேண்டியதில்லை. திரும்பும் முறையை மாற்றும் முன் சக்கரங்களை நேராக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

தரை சாய்வாக இருந்தாலும் வண்டியின் சட்டகத்தைச் சமன் செய்யும் வசதி உதவும் என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் சுமை தாழ இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். உயரத் தூக்கிய பிறகு தொட்டால் வண்டி கவிழும் ஆபத்து உண்டு. புதிதாக வரும் தம்பிகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.